சிப் தானே திருத்திக்கொண்டால் டிரைவருக்கு என்ன வேலை?

ஈ0, ஈ8, ஈ1. நேண்ட் ஃபிளாஷ் என்னும் நினைவகச் சிப்பிலிருந்து ஒரு பேஜை, அதாவது ஒரே தடவையில் படிக்கும் தரவுத் துண்டைப் படித்த கையோடு அதன் நிலைப் பைட்டைக் கேட்டால், பதினாறடிமான எண்ணாக இந்த மூன்றில் ஒன்று வரும். முதலாவது, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறது. இரண்டாவது, பிழை இருந்தது, திருத்திவிட்டேன், ஆனாலும் இந்தத் தரவை வேறு இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்கிறது. மூன்றாவது, பிழை என் கை மீறிப் போய்விட்டது என்கிறது. இது மைக்ரான் சிப்புகளில், அதுவும் 512 பைட்டுக்கு நான்கு பிட் வரை தனக்குள்ளேயே திருத்திக்கொள்ளும் வகையில் உள்ள வழக்கம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், மூன்று நிலையிலும் ஒரு பேஜுக்குரிய 2048 பைட் தரவு வெளியே வந்து சேரும். கெட்டுப்போன பேஜ் என்பதற்காக சிப் எதையும் நிறுத்தி வைப்பதில்லை. நிலைப் பைட்டைக் கேட்காத டிரைவருக்கு, அதாவது சிப்போடு பேசும் மென்பொருளுக்கு, ஈ0வும் ஈ1உம் ஒன்றுதான். சிப்பே பிழை திருத்திக்கொள்கிறது, டிரைவரில் அந்தக் குறிமுறையைத் தூக்கிவிடலாம் என்று நினைத்து எழுதப்பட்ட டிரைவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கணக்குப் போடும் வேலை சிப்புக்குப் போய்விட்டது, உண்மைதான். நடந்ததை மேலே இருப்பவர்களுக்குச் சொல்லும் வேலை டிரைவரிடமேதான் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். நேண்ட் ஃபிளாஷ், தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987இல் வெளியுலகுக்குக் காட்டிய தொழில்நுட்பம். ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் மின்னூட்டத்தை அடைத்து வைத்து, அது இருக்கிறதா இல்லையா என்பதை 0, 1 என்று படிக்கிறோம். அடைத்து வைத்த மின்னூட்டம் நாளாக ஆகக் கசியும். பக்கத்துப் பேஜை எழுதும்போது இங்கே ஒரு செல் பாதிக்கப்படும். ஒரே பிளாக்கை, அதாவது ஒன்றாக அழிக்கப்படும் பேஜ்களின் தொகுப்பை, திரும்பத் திரும்பப் படிப்பதேகூட அதிலுள்ள மற்ற பேஜ்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் செல் தேய்கிறது. ஆக, பிட் புரள்வது நேண்டின் இயல்பு. அதை வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டும் என்று தெரிந்தே ஒவ்வொரு பேஜுக்கும் ஓரமாகக் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருக்கிறார்கள். 2048 பைட் பேஜுக்கு 64 பைட் என்பது பழகிய அளவு. அதை ஓஓபி என்பார்கள், ஓரப் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஓரப் பகுதியில் உட்காருவதுதான் இசிசி எனப்படும் பிழைத்திருத்தக் குறி. ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட முறையில் மூன்று பைட் குறியை வைத்து ஒரு பிட் பிழையைத் திருத்தலாம், இரண்டு பிட் பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பிசிஎச் முறை. 1959, 1960 ஆண்டுகளில் பிரான்சின் ஒக்கெங்கெம் ஒருபுறமும், இந்தியாவில் பிறந்த ராஜ் சந்திர போஸ், ரே-சவுத்ரி இருவரும் மறுபுறமும் தனித்தனியாகக் கண்டறிந்தது. 512 பைட்டில் நான்கு பிட் திருத்த பிசிஎச்சுக்கு 52 பிட், அதாவது ஏழு பைட் போதும். எட்டு பிட் திருத்த 13 பைட்.

இந்தக் கணக்கை யார் போடுவது? மூன்று இடங்கள் உண்டு. சிபியூவே மென்பொருளில் போடலாம், ஆனால் பிசிஎச் கணக்கு மெதுவானது. சிபியூவும் மற்ற பாகங்களும் ஒன்றாக அடங்கிய எஸ்ஓசி சிப்புக்குள் இருக்கும் நேண்ட் கன்ட்ரோலர் போடலாம், பெரும்பாலான போர்டுகளில் இதுதான் வழக்கம். மூன்றாவதாக, ஃபிளாஷ் சிப்பே போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது வழிக்குத் தேவை வந்தது ஒரு பொருத்தமின்மையால். செல்கள் சிறுக்கச் சிறுக்க, ஒரு பிட் திருத்தம் போதும் என்றிருந்த, செல்லுக்கு ஒரே பிட் வைக்கும் எஸ்எல்சி சிப்புகளுக்கே நான்கு பிட், எட்டு பிட் என்று கேட்கத் தொடங்கியது. ஆனால் தொழிற்சாலைக் கருவிகள், ரவுட்டர்கள், மீட்டர்களில் உட்கார்ந்திருக்கும் எஸ்ஓசிகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறவை. அவற்றின் கன்ட்ரோலர்களில் பலவற்றுக்கு ஹாமிங் மட்டும்தான் தெரியும். பழைய சிப்பின் உற்பத்தி நின்று, புதிய சிப் வாங்கியே தீர வேண்டிய நிலையில், "திருத்தத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ பழையபடி படித்தால் போதும்" என்று சொல்லும் சிப் அந்த நிறுவனங்களுக்குப் பெரிய நிம்மதி. அந்த வாக்குறுதி பொய் இல்லை. ஆனால் "பழையபடி படித்தால் போதும்" என்ற பகுதி முழு உண்மையும் இல்லை.

முதல் சிக்கல், சிப்பில் இந்த வசதி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதிலேயே தொடங்குகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் மைக்ரான் சிப்புகளுக்கான இந்த ஆதரவு 2017இல் சேர்ந்தது. அந்தக் குறிமுறையைப் படித்துப் பார்த்தால், சிப் தன்னைப் பற்றிச் சொல்வதை அது அப்படியே நம்புவதில்லை என்று தெரியும். சிப்பின் அடையாள எண்ணில் ஐந்தாவது பைட்டில் இசிசி உண்டா என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதே பைட்டின் உச்சி பிட், இப்போது இசிசி ஓடுகிறதா என்று காட்டும். டிரைவர் முதலில் இசிசியை இயக்கு என்று கட்டளை அனுப்புகிறது. அமைப்பை மாற்றும் கட்டளை ஈஎஃப், முகவரி 90, மதிப்பு 08. பிறகு அடையாளத்தைப் படித்து உச்சி பிட் எழுந்ததா என்று பார்க்கிறது. அப்புறம் நிறுத்து என்று சொல்லி, மதிப்பு 00 அனுப்பி, மறுபடியும் படித்துப் பார்க்கிறது. நிறுத்தச் சொல்லியும் பிட் அப்படியே எழுந்து நின்றால், அந்தச் சிப்பில் இசிசியை அணைக்கவே முடியாது என்று பொருள். ஆக மூன்று வகை: வசதி இல்லாதது, விரும்பினால் இயக்கலாம் என்பது, கட்டாயமாக ஓடுவது.

சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு நிற்காமல், செய்து பார்த்து உறுதிப்படுத்தும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. வன்பொருளோடு பேசும் எந்தக் குறிமுறைக்கும் இந்தப் பழக்கம் வேண்டும்.

கட்டாய வகையில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. போர்டின் விவரக் கோப்பான டிவைஸ் ட்ரீ வேறு இசிசியைப் பயன்படுத்தச் சொல்லி, சிப் தன் இசிசியை விடமாட்டேன் என்றால், லினக்ஸ் டிரைவர் அந்தச் சிப்பை ஏற்றுக்கொள்ளாமல் பிழை காட்டி நின்றுவிடும். ஏன் இவ்வளவு கறார்? இரண்டு பேர் ஒரே ஓரப் பகுதியில் எழுத முயன்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். 64 பைட் ஓரப் பகுதியை நான்கு பதினாறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பின்பாதி எட்டு பைட்டைச் சிப் தன் குறிக்கு எடுத்துக்கொள்கிறது. முன்பாதியில் முதல் இரண்டு போக, ஆறு பைட் மிச்சம். அப்படி நான்கு ஆறு, மொத்தம் 24 பைட்தான் மற்றவர்கள் பயன்படுத்த இருப்பது. எஸ்ஓசியின் கன்ட்ரோலர் தன் குறியைச் சிப்பின் எட்டு பைட் இருக்கும் இடத்தில் எழுதினால், சிப் அதன் மேல் தன் குறியைப் பதித்துவிடும். படிக்கும்போது கன்ட்ரோலர் அந்த அன்னியப் பைட்டுகளைத் தன் குறி என்று நம்பிக் கணக்குப் போடும். நல்ல தரவில் இல்லாத பிழையைக் கண்டுபிடித்து, சரியாக இருந்த பிட்டைப் புரட்டிப் போடும். புத்தம்புது போர்டில் எல்லாப் பேஜும் கெட்டுவிட்டது என்று லாக் நிரம்பி வழியும். சிப்பில் கோளாறு என்று நினைத்து மாற்றினாலும் அதே கதைதான்.

சரி, இப்போது ஒரு பேஜைப் படிப்போம். சாதாரண நேண்டில் படிப்புக் கட்டளை 00, பிறகு முகவரி, பிறகு 30. சிப் வேலையாக இருக்கிறேன் என்று ரெடி-பிஸி கம்பியைத் தாழ்த்தும், முடிந்ததும் உயர்த்தும். அதன்பின் தரவைப் பைட் பைட்டாக இழுத்துக்கொள்ளலாம். இதில் நிலைப் பைட்டுக்கு இடமே இல்லை. எழுதும்போதும் அழிக்கும்போதும்தான் நிலை கேட்பது வழக்கம். அதன் கடைசி பிட், எழுதுவது தோற்றதா என்று சொல்லும். சிப்புக்குள்ளேயே ஓடும் இந்த உள்ளமை இசிசி வந்ததும் அதே பிட்டுக்குப் படிப்பின்போது வேறு பொருள் வந்துவிட்டது. திருத்த முடியாத பிழை என்பதுதான் அது. பழைய டிரைவருக்கு இது தெரிய வழியில்லை. அது கேட்பதே இல்லையே.

ஆகவே நடுவில் நிலை கேட்கும் கட்டளையான 70ஐச் செருக வேண்டும். செருகினால் அடுத்த பள்ளம் வருகிறது. 70 அனுப்பியதும் சிப்பின் வாய் நிலைப் பைட்டின் பக்கம் திரும்பிவிடும். எத்தனை முறை படித்தாலும் அந்த ஒரே பைட்தான் வரும். அதோடு தரவை இழுத்தால் ஈ0 ஈ0 ஈ0 என்று இரண்டாயிரத்துச் சொச்சம் முறை வந்து விழும். படித்த பைட்டுகளை அப்படியே அச்சிடும் ஹெக்ஸ் டம்பில் இப்படி ஒரு பேஜைப் பார்த்தால் தரவு அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். 00 கட்டளையை மட்டும் மீண்டும் ஒருமுறை அனுப்பினால் சிப் தரவுப் பக்கம் திரும்பிவிடும். லினக்ஸில் இதற்கென்றே தனியாக ஒரு சிறு செயற்கூறு இருக்கிறது.

காத்திருக்கும் நேரமும் மாறுகிறது. பேஜைச் செல்களிலிருந்து எடுத்த பிறகு சிப் உள்ளே திருத்தக் கணக்கும் போட வேண்டியிருப்பதால், இசிசி ஓடும்போது படிப்பு கூடுதல் நேரம் எடுக்கும். ரெடி-பிஸி கம்பியைப் பார்க்காமல் இத்தனை மைக்ரோவினாடி என்று நிலையாக எண்ணிக் காத்திருக்கும் டிரைவர், கணக்கு முடியும் முன்பே அவசரப்பட்டுப் படித்துவிடும்.

இதுவரை சொன்னவை கவனமாக டேட்டாஷீட்டைப் படித்தால் தீரும் விஷயங்கள். அதற்கப்புறம் வருவதுதான் உண்மையான கடினம். எத்தனை பிட் திருத்தப்பட்டது என்ற எண்ணிக்கை.

காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துத் தணித்துவிட்டு மருத்துவரிடம் போகிறோம் என்று வையுங்கள். "காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை" என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை டிகிரி இருந்தது என்பதுதான். 99ஆ 104ஆ என்பதில்தான் அடுத்து என்ன செய்வது என்பது இருக்கிறது. ஃபிளாஷிலும் அப்படியே. நான்கு பிட் திருத்தக்கூடிய இடத்தில் ஒரு பிட் புரண்டால் விட்டுவிடலாம். மூன்று புரண்டால் இன்னும் இரண்டு பிட் புரள்வதற்குள் தரவை வேறு பிளாக்குக்கு மாற்றியாக வேண்டும்.

லினக்ஸில் இந்த முடிவை எடுக்கும் ஏற்பாடு அழகாக அமைந்திருக்கிறது. ஒவ்வொரு பேஜையும் படித்து முடித்ததும் டிரைவர் ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். பேஜிலுள்ள 512 பைட் துண்டுகளில் மிக மோசமான துண்டில் எத்தனை பிட் திருத்தப்பட்டது என்பதே அந்த எண். எல்லாத் துண்டுகளின் கூட்டுத்தொகை அல்ல, அதிகபட்சம். இதை மாற்றிப் புரிந்துகொள்வது எளிது. நான்கு துண்டுகளில் ஆளுக்கொரு பிட் புரண்டால் ஆபத்தில்லை, ஆனால் ஒரே துண்டில் நான்கும் புரண்டால் விளிம்பில் நிற்கிறோம். கூட்டினால் இரண்டும் நான்குதான். அதனால்தான் அதிகபட்சத்தைக் கேட்கிறார்கள்.

மேலே உள்ள எம்டிடி, அதாவது லினக்ஸில் ஃபிளாஷைக் கையாளும் பொது அடுக்கு, அந்த எண்ணை ஒரு வரம்போடு ஒப்பிடுகிறது. தனியாகச் சொல்லாவிட்டால் அந்த வரம்பு திருத்தும் திறனில் முக்கால் பங்கு, மேல்நோக்கி முழுமையாக்கியது. நான்குக்கு மூன்று, எட்டுக்கு ஆறு. எண் வரம்பைத் தொட்டால் படித்தவருக்கு ஈயூக்ளீன் என்ற 117ஆம் பிழை எண் போகும். தரவு சரிதான், ஆனால் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று பொருள். திருத்தவே முடியாவிட்டால் ஈபேட்மெசேஜ், 74.

இந்த 117ஐக் காதில் வாங்கிச் செயல்படுவது யூபிஐ என்ற அடுக்கு. தமிழில் எழுதினால் பணம் அனுப்பும் யுபிஐயோடு குழப்பும், இது வேறு. 2007இல் லினக்ஸில் சேர்ந்த, ஃபிளாஷின் பிளாக்குகளை நிர்வகிக்கும் அடுக்கு. 117 வந்ததும் அந்த பிளாக்கின் உள்ளடக்கத்தை வேறு பிளாக்குக்குப் பெயர்த்து எழுதி, பழையதை அழித்துப் பயன்பாட்டுக்குத் திருப்பும். இதற்கு ஸ்க்ரப் செய்வது என்று பெயர். ஒவ்வொரு ஸ்க்ரப்புக்கும் ஒரு அழிப்பு செலவாகிறது, ஃபிளாஷின் ஆயுளிலிருந்து அவ்வளவு குறைகிறது.

இப்போது ஈ8க்கு வருவோம். திருத்தினேன், எழுதி வைப்பது நல்லது என்று சொல்லும் சிப், எத்தனை பிட் என்று சொல்வதில்லை. டிரைவர் என்ன எண்ணைத் திருப்பித் தருவது? பூச்சியம் என்றால் யூபிஐ அசையாது, பிழை ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரு நாள் ஈ1 ஆகும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்போது தரவு போயிருக்கும். ஒன்று என்றாலும் அதே கதி, வரம்பு மூன்றாயிற்றே. நான்கு என்று அதிகபட்சத்தைச் சொன்னால் தரவு பிழைக்கும், ஆனால் ஒரே ஒரு பிட் புரண்டதற்கெல்லாம் பிளாக் இடம் மாறும், ஃபிளாஷ் வீணாகத் தேயும்.

லினக்ஸின் மைக்ரான் குறிமுறை முதலில் நான்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அது நியாயமான முடிவாகத்தான் படுகிறது. தெரியாதபோது தரவின் பக்கம் சாய்வதே சரி. பின்னர் இன்னும் நேர்மையான வழி ஒன்றைச் சேர்த்தார்கள். ஈ8 வந்தால் திருத்திய தரவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இசிசியை அணைத்து, அதே பேஜைத் திருத்தாமல் இன்னொரு முறை படிப்பது. இரண்டையும் பிட் பிட்டாக ஒப்பிட்டால் வேறுபடும் பிட்டுகளே திருத்தப்பட்டவை. ஒவ்வொரு 512 பைட் துண்டுக்கும் தனியாக எண்ணலாம், சிப்பின் குறிப் பைட்டுகளுக்குள் புரண்டவற்றையும் சேர்த்தே எண்ணலாம். இரண்டாம் படிப்புக்குக் கொஞ்சம் நேரமும் இன்னொரு பேஜ் அளவு நினைவகமும் ஆகும். ஆனால் அது ஈ8 வந்தபோது மட்டும்தான். சிப் சொல்லாமல் விட்டதை டிரைவர் தானே எண்ணித் தெரிந்துகொள்ளும் இந்த உத்தி, இந்தக் குறிமுறையிலேயே என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

இந்த உத்தி வேலை செய்ய, இசிசியை அணைக்க முடிய வேண்டும். அணைக்க முடியாத சிப்பில் சிப் தரும் தகவலோடு நிற்க வேண்டியதுதான். எட்டு பிட் திருத்தும் மைக்ரான் சிப்புகள் இதில் கொஞ்சம் தாராளம். நிலைப் பைட்டின் இரண்டு பிட்டுகளைச் சேர்த்து ஒன்று முதல் மூன்று, நான்கு முதல் ஆறு, ஏழு அல்லது எட்டு என்று படிநிலையாகச் சொல்கின்றன. தோஷிபாவின் பென்நேண்ட் இன்னும் ஒரு படி மேல். 7ஏ என்ற தனிக் கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு துண்டிலும் எத்தனை என்று எண்ணாகவே தந்துவிடும்.

எஸ்பிஐ நேண்ட் சிப்புகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் பலவிதம். ஆறேழு கம்பிகளில் இணையும் இந்தச் சின்னச் சிப்புகளில் உள்ளமை இசிசி இருப்பதுதான் இயல்பு. லினக்ஸில் இவற்றுக்கான பொது அடுக்கு 2018இல் 4.19 பதிப்பில் வந்தது. நிலை முகவரி சி0, அதில் வழக்கமாக இரண்டு பிட் இசிசிக்கு. பூச்சியம் என்றால் பிழையில்லை, ஒன்று என்றால் திருத்தியது, இரண்டு என்றால் திருத்த முடியாதது. இதுவரை பெரும்பாலும் ஒற்றுமை. மூன்று என்றால் என்ன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிகாடிவைஸின் சில சிப்புகளில் ஒன்று என்பது ஒன்று முதல் ஏழு பிட் வரை எதுவாகவும் இருக்கலாம், மூன்று என்றால் எட்டு. ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவே எதுவென்று தெரியாததால் டிரைவர் ஏழு என்று சொல்கிறது. எட்டு பிட் திறனுக்கு வரம்பு ஆறு அல்லவா? ஆக ஒரு பிட் புரண்டாலும் ஸ்க்ரப். அதே நிறுவனத்தின் வேறு வரிசைச் சிப்புகளில் எஃப்0 என்ற இன்னொரு முகவரியைக் கேட்டால் நுணுக்கமான எண்ணிக்கை கிடைக்கும், டிரைவரும் அங்கே கேட்கிறது. மேக்ரானிக்ஸில் 7சி என்ற தனிக் கட்டளை. பொது அடுக்கு ஒன்று இருந்தும் ஒவ்வொரு சிப் வரிசைக்கும் "நிலையைப் படித்து எண்ணாக்கு" என்று தனிச் செயற்கூறு எழுத வேண்டியிருப்பது இதனால்தான். புதிய சிப்பைச் சேர்ப்பவர் பக்கத்துச் சிப்பின் செயற்கூற்றை அப்படியே நகலெடுத்துப் போட்டால் கம்பைல் ஆகும், ஓடும், பல மாதம் எந்தக் குறையும் தெரியாது.

ஓரப் பகுதியைத் தனக்கென்று பயன்படுத்தும் கோப்பு முறைமைகளுக்கு இன்னொரு சிரமம் உண்டு. ஜேஎஃப்எஃப்எஸ்2 அழித்த பிளாக்கில் ஓர் அடையாளத்தை ஓரப் பகுதியில் மட்டும் எழுதி வைக்கும். யாஃப்ஸ் தன் குறிப்புகளை அங்கே வைக்கும். சிப்பின் குறி உட்காரும் பைட்டுகளில் இவை கை வைத்தால் அந்தப் பேஜின் பாதுகாப்பு போயிற்று. அதனால் டிரைவர், எந்தப் பைட் சிப்புக்கு, எந்தப் பைட் மற்றவர்களுக்கு என்ற வரைபடத்தைச் சரியாகத் தர வேண்டும். யூபிஐ ஓரப் பகுதியைத் தொடுவதே இல்லை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது.

கருவி எழும்போது லினக்ஸை ஏற்றித் தரும் பூட்லோடரை மறந்துவிடக் கூடாது. லினக்ஸ் உள்ளமை இசிசியோடு எழுதிய பேஜை, எஸ்ஓசியின் பூட் ரோம் தனக்குத் தெரிந்த ஹாமிங்கோடுதான் படிப்பேன் என்றால் போர்டு எழுந்திருக்காது. பூட் ரோம் சிலிக்கானில் எரிக்கப்பட்டது, மாற்ற முடியாது. அதனால் பூட்லோடரின் முதல் கட்டம் இருக்கும் பிளாக்குகளை மட்டும் பூட் ரோமுக்குப் புரியும் வடிவில், சிப்பின் இசிசியை அணைத்து எழுத வேண்டியிருக்கும். உற்பத்திக் கூடத்தில் ஃபிளாஷில் எழுதும் கருவிக்கும் இதே விவரத்தைச் சொல்லியாக வேண்டும்.

எழுதிய டிரைவர் சரியா என்று எப்படிப் பார்ப்பது? நல்ல சிப்பில் எல்லா டிரைவரும் நன்றாகவே ஓடும். பிழையை நாமே உண்டாக்கித்தான் பார்க்க வேண்டும். கெர்னலோடு வரும் நேண்ட்பிட்எர்ஸ் சோதனை இதற்கென்றே உள்ளது. ஒரு பேஜை எழுதி, இசிசியைத் தவிர்த்து அதே பேஜில் ஒரு 1ஐ 0வாக்கி மேலெழுதி, வழக்கம்போல் படித்து, எத்தனை திருத்தப்பட்டதாக டிரைவர் சொல்கிறது என்று அச்சிடும். பிறகு இன்னொரு பிட், இன்னொன்று, திருத்த முடியாமல் போகும் வரை. நான்கு பிட் சிப்பில் 1, 2, 3, 4 என்று ஏறி ஐந்தாவதில் தோல்வி என்று வந்தால் டிரைவர் உள்ளதைச் சொல்கிறது. 4, 4, 4, 4 என்று வந்தால் அதிகபட்சத்தைச் சொல்கிறது, தரவு பத்திரம். 0, 0, 0, 0 என்று வந்து ஐந்தாவதிலும் படிப்பு வெற்றி என்று டிரைவர் சொன்னால் அந்த டிரைவர் நிலைப் பைட்டைக் கேட்பதே இல்லை. அதோடு அந்தப் பொருளை வாடிக்கையாளரிடம் அனுப்பக் கூடாது.

இந்தச் சோதனை பேஜை அழித்துவிடும் என்பதால் களத்தில் ஓடும் கருவியில் செய்ய முடியாது. அங்கே கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் சிஸ்எஃப்எஸில், எம்டிடியின் அடைவில் திருத்திய பிட்டுகளுக்கு ஒன்றும் தோற்றவற்றுக்கு ஒன்றுமாக இரண்டு கோப்புகள் இருக்கும். ஃபிளாஷ் பிரிவு முழுவதையும் ஒருமுறை படிக்க வைத்து, முன்னும் பின்னும் அவற்றைப் பாருங்கள். சில வருடம் ஓடிய கருவியில் திருத்திய பிட்டுகளின் எண்ணிக்கை இன்னும் பூச்சியமாகவே இருந்தால், சிப் நன்றாக இருக்கிறது என்று மகிழும் முன் டிரைவரின் படிப்புப் பாதையில் 70 என்ற கட்டளை இருக்கிறதா என்று தேடுங்கள்.